தேங்க்ஸ்கிவிங் நாளும் கத்தோலிக்க வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே புதிதாகக் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும், மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளிடத்திலும், மகன் மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரிடையேயும் ஆண்டுதோறும் எழுகின்ற கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். திருச்சபைச் சட்டம் எது, அமெரிக்க வழக்கம் எது, எங்கள் கருத்து எது என்பது வாசிப்பவருக்குக் குழம்பாதபடி பிரித்தே எழுதியிருக்கிறோம்.

தேங்க்ஸ்கிவிங் ஒரு கத்தோலிக்கத் திருவிழாவா?

இல்லை, அது அரசு விடுமுறை. குடியரசின் முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஆம் நாளைக் கடவுளுக்கு நன்றி செலுத்தும் நாளாக அறிவித்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பு, நவம்பரின் கடைசி வியாழனை நாடு முழுவதற்கும் பொதுவான நாளாக ஆக்கியது. 1941இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அது நான்காம் வியாழனாக நிலைபெற்றது. அண்டை நாடான கனடாவில் இது அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வருகிறது.

உரோமைத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் இந்நாளுக்கு இடமில்லை. ஆயினும் அமெரிக்க மறைமாவட்டங்களுக்குரிய திருப்பலி நூலில் இந்நாளுக்கெனத் தனித் திருப்பலி மன்றாட்டுகள் இருக்கின்றன. குரு வெள்ளை நிறத் திருவுடை அணிந்து பலி நிறைவேற்றுகிறார். ஓர் அரசு விடுமுறையைத் திருச்சபை பலிபீடம் வரை கொண்டுவந்திருப்பதற்குக் காரணம், அந்த நாள் கேட்கின்ற செயல் திருப்பலியில் அன்றாடம் நடக்கின்ற செயலே என்பதுதான். நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குரு ஆண்டவருக்கு நன்றி கூற அழைப்பதும், அது தகுதியும் நீதியுமானது என்று மக்கள் விடையளிப்பதும் சிறு வயதிலிருந்தே நமக்கு மனப்பாடம்.

வாஷிங்டன் குறித்த அந்த நன்றி நாள் வருவதற்குச் சரியாக இருபது நாள்களுக்கு முன்னர், 1789 நவம்பர் 6ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் பயஸ் பால்டிமோர் மறைமாவட்டத்தை நிறுவி, ஜான் கரோலை அமெரிக்காவின் முதல் ஆயராக நியமித்தார். நாட்டுக்காகவும் ஆட்சியாளருக்காகவும் கரோல் 1791இல் இயற்றிய செபத்தை இன்றும் சில பங்குகளில் தேங்க்ஸ்கிவிங் திருப்பலியின் முடிவில் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

அன்று திருப்பலிக்குப் போவது கட்டாயமா?

கட்டாயமில்லை. அமெரிக்காவில் ஞாயிறு தவிர்ந்த கடன் திருநாள்கள் ஆறு: சனவரி 1, ஆண்டவரின் விண்ணேற்றம், ஆகஸ்டு 15, நவம்பர் 1, டிசம்பர் 8, கிறிஸ்து பிறப்பு. இவற்றுள் தேங்க்ஸ்கிவிங் இல்லை. அன்று திருப்பலிக்குச் செல்லாதவர் எந்தக் கடனையும் மீறியவர் ஆகார்.

கட்டாயம் இல்லாதபோதும், பெரும்பாலான பங்குகளில் காலை எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ ஒரேயொரு திருப்பலி வைப்பார்கள். வழக்கமான வாரநாள் திருப்பலியைவிடப் பன்மடங்கு கூட்டம் வரும். அன்று வழக்கமாக வாசிக்கப்படும் நற்செய்தி லூக்கா 17ஆம் அதிகாரத்தில் உள்ள பத்துத் தொழுநோயாளரின் நிகழ்ச்சி. இதை ஒன்பது நன்றிகெட்டவர்களின் கதையாகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். ஆனால் நிதானமாக வாசித்தால் அந்த ஒன்பது பேரும் இயேசு சொன்னதை அப்படியே செய்தவர்கள் என்பது தெரியும். குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்றார், போனார்கள். சட்டப்படி அவர்கள்மீது குறை சொல்ல இடமில்லை. திரும்பி வந்து காலில் விழுந்த பத்தாமவர் ஒரு சமாரியர். அவர் செய்ததை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கடனாக இல்லாத ஒரு நாளில் விடியற்காலையில் எழுந்து, குளிரில் வண்டியைச் சூடாக்கிக் கோவிலுக்குப் போகின்றவர் அந்தச் சமாரியரோடு சேர்ந்து நிற்கிறார் என்பது எங்கள் எண்ணம். முடிந்தவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம். வான்கோழி அடுப்பில் இருக்கும்போது வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும் என்பது உண்மையான சிக்கல்தான். பெரிய வான்கோழி வேக நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். திருப்பலி முடிந்து வந்து அடுப்பில் வைத்தால் மாலை நான்கு மணி விருந்துக்குத் தயாராகிவிடும்.

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கு அன்றைக்கும் உண்டு.

மருத்துவமனைப் பணி, அழைப்புப் பணி என்று அன்றும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

நிம்மதியாகப் போகலாம். கடன் திருநாள் அல்லாததால் மனச்சான்றில் எந்த உறுத்தலும் வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைகளில் பணியாற்றும் நம் செவிலியர் பலர், குழந்தைகள் உள்ள உடன்பணியாளருக்கு விடுமுறை கிடைக்கட்டும் என்று தாமாகவே அன்றைய பணிமுறையை ஏற்றுக்கொள்கிறார்கள். அது நற்செய்திக்குப் பொருந்திய செயலே. குடும்ப விருந்தை வெள்ளிக்கிழமைக்கோ சனிக்கிழமைக்கோ மாற்றிக்கொள்வதில் பிழையே இல்லை.

இந்நாளைத் தொடங்கிய பிலிகிரிம்கள் கத்தோலிக்கத்தை எதிர்த்தவர்கள் அல்லவா? நாம் கொண்டாடலாமா?

எதிர்த்தவர்கள்தாம். இங்கிலாந்துத் திருச்சபையிலேயே கத்தோலிக்க வழக்கங்கள் மிச்சமிருக்கின்றன என்று சொல்லிப் பிரிந்து போனவர்கள் அவர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவைக்கூடக் கொண்டாட மறுத்தவர்கள். மேஃபிளவர் கப்பலில் 1620இல் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். பிழைத்தவர்கள் 1621 இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து விருந்து வைத்தபோது, வாம்பனோக் இனத் தலைவர் மாசசாய்ட் ஏறக்குறைய 90 ஆள்களோடு வந்து, ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்து, மூன்று நாள் அவர்களோடு தங்கினார் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

அந்த அறுவடைக்கு வழிகாட்டிய டிஸ்குவாண்டம் என்பவரின் வாழ்வில் கத்தோலிக்கத் தொடர்பு ஒன்று இருக்கிறது. இவரையே ஸ்குவாண்டோ என்று பள்ளிப் பாடநூல்கள் அழைக்கின்றன. 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரையும் வேறு பலரையும் ஏமாற்றிப் பிடித்து, ஸ்பெயின் நாட்டு மாலகாவில் அடிமைகளாக விற்க முயன்றான். அங்கிருந்த துறவியர் எஞ்சியிருந்தவர்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு கிறிஸ்தவ மறையைக் கற்பித்தனர். அவர் திருமுழுக்குப் பெற்றார் என்று சிலர் உறுதியாகச் சொல்வதுண்டு; அதற்கு ஆவணம் இல்லை, ஆகையால் நாம் அப்படிச் சொல்லாதிருப்பதே நேர்மை. பின்னர் இங்கிலாந்து வழியாக 1619இல் அவர் ஊர் திரும்பியபோது, கொள்ளைநோயில் அவருடைய ஊரான பட்டுக்செட் முழுவதும் அழிந்துபோயிருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் பிலிகிரிம்கள் குடியேறினார்கள். தம் சொந்த ஊரின் கல்லறைமேல் வந்து இறங்கிய அந்நியருக்கு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த அம்மனிதரை இந்நாளில் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது தகும்.

தொடங்கியவர் யாராக இருந்தாலும், நன்றி செலுத்தப்படுவது கடவுளுக்கு. எனவே தாராளமாகக் கொண்டாடலாம்.

உண்மையான முதல் தேங்க்ஸ்கிவிங் கத்தோலிக்கரால் நடத்தப்பட்டது என்று சொல்கிறார்களே?

ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரைக் குறித்தே அப்படிச் சொல்கிறார்கள். ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனந்தஸ் 1565 ஆகஸ்டு 28ஆம் நாள், புனித அகுஸ்தினார் திருநாளன்று, கரையைக் கண்டதால் ஊருக்கு அப்பெயர் இட்டார். செப்டம்பர் 8ஆம் நாள் அவர் கரையிறங்கியபோது, முந்தைய நாளே இறங்கியிருந்த அருள்பணி பிரான்சிஸ்கோ லோபஸ் சிலுவையை ஏந்தி, தே தேயும் என்னும் நன்றிப் பாடலைப் பாடியபடி எதிர்கொண்டார். மெனந்தஸ் மண்டியிட்டுச் சிலுவையை முத்தமிட்டார். மரியாவின் பிறப்பு விழாத் திருப்பலி நிறைவேறியது. பின்னர் அங்கு வாழ்ந்த திமுக்குவா மக்களுக்கும் உணவு பகிரப்பட்டது. வேளாங்கண்ணியில் பெருவிழாவும் கொடியிறக்கமும் காண்கின்ற நமக்கு அந்தத் தேதியைப் பார்த்ததும் மனம் நெகிழும். பிலிகிரிம்கள் பிளிமத்தில் வைத்த விருந்துக்கு 56 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. 1598இல் ஹுவான் தே ஒன்யாத்தே தலைமையில் பாலைவனத்தைக் கடந்து வந்த ஸ்பானியர் ரியோ கிராந்தே ஆற்றங்கரையில் ஒப்புக்கொடுத்த நன்றித் திருப்பலியையும் டெக்சாஸ் மக்கள் சுட்டிக்காட்டுவார்கள்.

ஆனால் இதை யார் முந்தி என்ற போட்டியாக்கி, பிற சபையினரோடு உணவு மேசையில் வாதிடுவது நன்றன்று. அதே மெனந்தஸ் சில வாரங்களுக்குள், சரணடைந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டாண்ட் மக்களை நூற்றுக்கணக்கில் வாளுக்கு இரையாக்கினார். அது நடந்த கடற்கழிக்கு மத்தான்சாஸ், அதாவது படுகொலைக்களம், என்பதே இன்றும் பெயர். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்ற நாம் மற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பூர்வகுடி மக்கள் இந்நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1970 முதல் ஒவ்வோர் ஆண்டும் தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தில் பூர்வகுடியினர் கூடித் தேசியத் துக்க நாளை அனுசரிக்கின்றனர். மாசசாய்ட் விருந்துண்ட மண்ணில், அவருடைய மகன் மெட்டாகாம் காலத்தில், 1675இல் தொடங்கிய போர் அவர் மக்களைச் சிதைத்தது. பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

கத்தோலிக்கருக்கும் இதில் பொறுப்பு உண்டு. திருச்சபை நடத்திய உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றுக்காக அமெரிக்க ஆயர்கள் 2024 சூன் மாதம் வெளியிட்ட மேய்ப்புப்பணி ஆவணத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் இம்மக்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்க்கலாம். வட அமெரிக்கப் பூர்வகுடியினருள் முதல் புனிதராக 2012 அக்டோபர் 21ஆம் நாள் உயர்த்தப்பெற்ற புனித கத்தேரி தெகக்விதாவின் பரிந்துரையை நாடலாம். பெரியம்மை நோயில் சிறுவயதிலேயே பெற்றோரையும் தம்பியையும் இழந்து, முகத்தில் வடுக்களோடும் மங்கிய பார்வையோடும் வாழ்ந்த பெண் அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மிஞ்சிய வான்கோழிக் கறியைச் சாப்பிடலாமா?

ஒவ்வோர் ஆண்டும் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ஊரில் எல்லா வெள்ளிக்கிழமையும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், காத்து வளர்ந்த அம்மாக்களுக்கும் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையே சமையலறையில் சிறு மனத்தாங்கலும் இதனால் வருவதுண்டு.

ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவ நாள்கள். அவற்றில் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆயர் பேரவை விதிக்கின்ற வேறொன்றைச் செய்ய வேண்டும் என்பது பொதுச் சட்டம். அமெரிக்க ஆயர்கள் 1966 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், தவக்காலத்துக்கு வெளியே உள்ள வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்தலைச் சட்டத்தின் கட்டாயத்திலிருந்து நீக்கினார்கள். ஆகவே தேங்க்ஸ்கிவிங் மறுநாள் வான்கோழிக் கறி உண்பது அங்கே சட்டமீறல் அன்று.

ஆனால் அந்த அறிக்கையை முழுவதும் வாசித்தவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமை தவ நாள் என்பதை ஆயர்கள் எடுத்துவிடவில்லை. ஆண்டவர் நமக்காக இறந்த நாள் அது என்பதை அழுத்தமாக நினைவூட்டி, விரும்பி மேற்கொள்ளும் தவங்களுள் இறைச்சி தவிர்த்தலுக்கே முதலிடம் கொடுத்து, நோயாளரையும் தனித்திருப்போரையும் சந்தித்தல் போன்ற அன்புப் பணிகளையும் பரிந்துரைத்தார்கள். கட்டாயம் போனதோடு தவமும் போய்விட்டது போல நடந்துகொள்வதுதான் பிழை. எனவே அன்று கறியைச் சாப்பிடுகின்றவர் வேறொரு தவத்தைச் செய்யட்டும். சுத்தபோசனம் காக்க விரும்பும் தாயை அமெரிக்காவில் அதெல்லாம் இல்லை என்று சொல்லிப் பிள்ளைகள் தடுக்க வேண்டாம். வான்கோழிக் கறி நன்றாக உறைய வைத்தால் பல வாரம் கெடாது. வெள்ளிக்கிழமை மீதமிருக்கும் உருளைக்கிழங்கும் பீன்சும் போதும்.

விருந்து மேசையில் செபத்தை யார் தொடங்க வேண்டும்? பிற சமயத்தவரும் நம்பிக்கையற்றவரும் இருந்தால்?

குடும்பத்தில் மூத்தவர் தொடங்குவது வழக்கம். குழந்தைகளில் ஒருவரைச் சொல்லச் சொல்வதும் அழகு. தேங்க்ஸ்கிவிங் உணவை ஆசீர்வதிக்கும் சடங்கு ஒன்று அமெரிக்கத் திருச்சபையின் ஆசியுரை நூலில் இருக்கிறது. சில பங்குகளில் திருப்பலி முடிவில் குரு ஆசீர்வதித்த அப்பங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதை மேசையின் நடுவில் வைத்து, எல்லோரும் பிட்டுப் பகிர்ந்தபின் உணவைத் தொடங்கலாம்.

அமெரிக்க வீடுகளில் சுற்றி அமர்ந்து, இந்த ஆண்டில் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள். நல்ல வழக்கம். ஆனால் உடல்நலத்துக்கு நன்றி, வேலைக்கு நன்றி, வீட்டுக்கு நன்றி என்று அடுக்கிக்கொண்டே போகும்போது யாருக்கு நன்றி என்பது விட்டுப்போய்விடுகிறது. நம் வீட்டு மேசையில் அது விட்டுப்போகக் கூடாது. உடன் பணிபுரியும் இந்து, இசுலாமிய நண்பர்களும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் விருந்தினராக இருந்தாலும், சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவரின் பெயரைச் சொல்லி, சுருக்கமாகவும் தெளிவாகவும் செபிக்கலாம். விருந்தினரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், அவர்களுக்காக நம் செபத்தை மறைக்கவும் வேண்டாம். ஐந்து பத்து மணி செபமாலையை அன்று மேசையில் தொடங்கி, சாப்பாடு ஆறிப்போகும்படி செய்யாதிருப்பது விருந்தோம்பலுக்கு நல்லது. அதை இரவுச் செபத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

சி.எஸ்.ஐ., பெந்தகோஸ்து உறவினர்கள் எங்களோடு திருப்பலிக்கு வந்தால் நற்கருணை வாங்கலாமா?

வாங்குவதற்கில்லை, திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இல்லாதவர்களுக்கு, சட்டம் குறிப்பிடும் மிக அரிய சூழல்கள் தவிர, நற்கருணை வழங்கப்படுவதில்லை. இதைக் கோவிலில் வரிசையில் நிற்கும்போது சொல்லாமல், முந்தைய நாளே வீட்டில் அன்பாகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கப் பங்குகள் பலவற்றில் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்தால் குரு ஆசீர் வழங்குவார். தென் மாவட்டங்களில் அறுப்பின் பண்டிகையைச் சிறப்பாகக் கொண்டாடி வளர்ந்த சி.எஸ்.ஐ. உறவினருக்கு விளைச்சலுக்கு நன்றி சொல்வது பழகிய வழிபாடு. பல ஊர்களில் புதன்கிழமை மாலை எல்லாச் சபையினரும் சேர்ந்து நடத்தும் பொது வழிபாடு உண்டு. அதற்கு ஒன்றாகச் செல்லலாம்.

பயணத்தில் ஞாயிறு திருப்பலி தவறிப்போகிறதே?

தேங்க்ஸ்கிவிங்குக்குக் கடன் இல்லை. அதைத் தொடரும் ஞாயிறுக்குக் கடன் உண்டு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்: வியாழன் காலை குடும்பத்தோடு திருப்பலி கண்டுவிட்டு, ஞாயிறு முழுவதும் விமான நிலையத்தில் கழிக்கிறார்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறுக் கடனை நிறைவேற்றும். பயணச் சீட்டு எடுக்கும்போதே போகும் ஊரின் திருப்பலி நேரங்களைப் பார்த்து வைத்தால் போதும். பனிப்புயலால் சாலை மூடிக்கிடந்தாலோ, நோயால் படுத்திருந்தாலோ கடன் கட்டுப்படுத்தாது.

இந்த ஆண்டு வீட்டில் ஒருவரை இழந்துவிட்டோம். நன்றி சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்வது?

முதலில், விருந்து வைக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நம் ஊர்களில் துக்க வீட்டில் ஓராண்டுக்கு விழா எடுப்பதில்லை. அமெரிக்காவில் இருப்பதற்காக அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அதே வேளையில், தேங்க்ஸ்கிவிங் வருவது இறந்தோரின் மாதத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று தொடங்கி மாதம் முழுவதும், இறந்தோரின் பெயர்களை எழுதிய ஏடு அமெரிக்கக் கோவில்களில் பீடத்தின் அருகே திறந்திருக்கும். உங்கள் கணவரின் பெயரோ தாயின் பெயரோ அந்த ஏட்டில் இருக்க, அதன் அருகிலேயே நன்றித் திருப்பலி நடக்கிறது. அழுதுகொண்டே அதில் பங்கேற்கலாம். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியது, துன்பத்தை இன்பமென்று பொய்சொல்லச் சொல்வதாகாது. அதே திருமுகத்தில் இறந்தோரைக் குறித்து வருந்தியவர்களுக்கு அவர் ஆறுதலும் எழுதியிருக்கிறார்.

டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த கப்புச்சின் துறவி அருளாளர் சொலானுஸ் கேசி இதில் நமக்கு நல்ல துணை. ஐரிஷ் குடியேறிகளின் மகனாக 1870இல் விஸ்கான்சினில் பிறந்தவர். படிப்பில் பின்தங்கியதால், 1904இல் குருவாக்கப்பட்டபோது ஒப்புரவு அருளடையாளம் வழங்கவோ மறையுரை ஆற்றவோ அவருக்கு அனுமதி தரப்படவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி மடத்தின் வாயிற்காப்போராகவே இருந்தார். கதவைத் தட்டியவர்கள் வேலை போனவர்கள், பிள்ளை நோயுற்றவர்கள், குடிக்கு அடிமையான கணவரோடு போராடியவர்கள். ஒவ்வொருவரின் கதையையும் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கடவுளுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புவார். கேட்டது கிடைக்கும் என்ற உறுதிமொழியாக அவர் இதைச் சொல்லவில்லை. என்ன நடந்தாலும் கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையைத்தான் நன்றியாகச் சொல்லச் சொன்னார். பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கிய 1929இல் அந்த மடத்தில் ஏற்பட்ட இலவச உணவுக்கூடம் இன்றும் இயங்குகிறது. 1957இல் இறந்த அவருக்கு, 2017 நவம்பர் 18ஆம் நாள், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை, டெட்ராய்ட் விளையாட்டரங்கில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

ஏழைகளுக்கு உதவ எளிய வழி என்ன?

பங்கில் உள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபையை அணுகுங்கள். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசனாம் என்னும் மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கிய இச்சபை, 1845இல் செயின்ட் லூயி நகரில் அமெரிக்க மண்ணில் வேரூன்றியது. தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அது நமக்குத் தெரிந்த சபைதான். அதன் உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடு தேடிச் சென்று, அமர்ந்து பேசி, என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உதவுகிறார்கள். நவம்பர் நடுவில் கோவில் முகப்பில் உணவுப் பெட்டிகள் வைக்கப்படும். தேங்க்ஸ்கிவிங் திருப்பலியின் காணிக்கைப் பவனியில் பீன்ஸ் டப்பா, சோள டப்பா, அரிசிப் பை, குழந்தைக்கான பால்மாவு என்று மக்கள் கொண்டுவந்து பீடத்தின் படிகளில் அடுக்குவார்கள். பிற்பகலுக்குள் அவை வண்டியேறிவிடும். கொடுப்பதற்கு முன் காலாவதித் தேதியைப் பாருங்கள்; நம் வீட்டில் வேண்டாதது என்று ஒதுக்கியதை ஆண்டவரின் பீடத்தடியில் வைக்காதீர்கள்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய ஞாயிறு, வறுமையின் வேர்களைக் களையும் பணிகளுக்காக ஆயர்கள் 1970 முதல் நாடளாவிய சிறப்புக் காணிக்கை எடுக்கிறார்கள். அதில் கால் பங்கு அந்தந்த மறைமாவட்டத்திலேயே தங்கும்.

பொருள் கொடுப்பதைவிட மேசையில் இடம் கொடுப்பது கடினமானது, உயர்ந்ததும் அதுவே. 1933இல் நியூயார்க்கில் பீட்டர் மோரினோடு சேர்ந்து கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய டாரத்தி டே, பசித்து வந்தவர்களை விருந்தினராக அமர்த்தி உணவளித்தார். அவர்களோடு அதே வீட்டில் வாழ்ந்தார். 1980இல் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, நவம்பர் 29ஆம் நாள், அவ்வீடுகளுள் ஒன்றிலேயே இறந்தார். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், விடுதிகள் வெறிச்சோடும் அந்த நான்கு நாளில் போக இடமில்லாத தமிழ் மாணவர் ஒருவரையாவது வீட்டுக்கு அழைக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் உள்ள நியூமன் மையம் என்னும் கத்தோலிக்க மாணவர் பணியகத்தைக் கேட்டால் யார் தனித்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

கறுப்பு வெள்ளி என்னும் தள்ளுபடி விற்பனைக்குப் போவது பாவமா?

குறைந்த விலையில் தேவையானதை வாங்குவது பாவமன்று. பிள்ளைகளின் குளிர்ச்சட்டைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வியாழன் மாலையிலேயே கடைக்கு ஓடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வோம். நாம் வரிசையில் நின்றால் அந்தக் கடையின் ஊழியர் தம் வீட்டு விருந்தை விட்டு வர வேண்டியிருக்கும். மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெயின் ஆகிய மூன்று மாநிலங்களில் பெரிய கடைகள் அன்று திறக்கச் சட்டமே தடை செய்கிறது.

வான்கோழி கட்டாயமா? எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை.

சமய நெறியில் அதற்கு எந்த இடமும் இல்லை. கோழி பிரியாணியோ, ஆட்டுக்கறிக் குழம்போ, மீன் குழம்போ வைத்துக்கொள்ளுங்கள். வான்கோழிக்கு இஞ்சி, பூண்டு, மிளகு, தயிர் தடவி இரவு முழுவதும் ஊறவைத்துச் சுடும் தமிழ் வீடுகளும் பல இருக்கின்றன. பொங்கலன்று கோவில் வளாகத்தில் பானை வைத்து, புதுநெல்லுக்கு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வழக்கம் நம் பங்குகளில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு அன்று சொல்லுங்கள்.

திருவருகைக் காலம் எப்போது தொடங்கும்? கிறிஸ்துமஸ் மரத்தை உடனே வைக்கலாமா?

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 24 முதல் 28 வரையுள்ள தேதிகளில் வந்தால், அந்த வார ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. 22 அல்லது 23இல் வந்தால், அந்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழாவாகவும், அடுத்த ஞாயிறு திருவருகைக் காலத் தொடக்கமாகவும் அமையும். 2023இல் அப்படித்தான் நடந்தது.

வியாழன் இரவோடு அமெரிக்கக் கடைகளும் வானொலிகளும் கிறிஸ்துமஸுக்குத் தாவிவிடுகின்றன. மரம் வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. எனினும் முதலில் திருவருகை வளையத்தை, மூன்று ஊதா மெழுகுதிரிகளும் ஓர் இளஞ்சிவப்பு மெழுகுதிரியும் கொண்டதை, மேசையில் வையுங்கள். தேங்க்ஸ்கிவிங் விருந்துண்ட அதே மேசையில் ஞாயிறு மாலை முதல் திரியை ஏற்றிச் செபியுங்கள். மரத்தைப் பிள்ளைகள் உடனே கேட்டால் வைத்துவிட்டு, விளக்குகளையும் குடிலில் குழந்தை இயேசுவையும் கிறிஸ்து பிறப்பு நெருங்கும்வரை ஒத்திவைப்பது ஒரு வழி.

டிசம்பர் 3 நம் முத்துக்குளித்துறையின் திருத்தூதரான புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழா. அமல உற்பவ அன்னையே அமெரிக்க நாட்டின் பாதுகாவலி என்பதால் அங்கே அது கடன் திருநாள். பெரும்பாலும் வேலை நாளாகவே வரும். பங்கின் மாலைத் திருப்பலி நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.